கோதையின் உள்ளங்கை

புத்தூர்,
6–7–1936

மகாராஜராஜஸ்ரீ சடகோபய்யங்கார் அவர்களுக்கு, பள்ளிக்கூட உதவிக்காரி ரோசம்மாள் நமஸ்காரம்.

உங்கள் மகள் கோதைநாயகிக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. டீச்சர் சொல்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் உள்ளங்கையில் விரலால் எழுதுகிறேன். அவளுக்கு உலகம் வருகிற வழி அது ஒன்றுதான். அந்தக் கையைத்தான் தினம் சாயங்காலம் கிணற்றடியில் புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்க்கச் சொல்கிறீர்களாம். இன்று தோல் உரிந்து வந்திருக்கிறாள். ஓர் எழுத்து எழுதினேன். வலி தாங்காமல் கையை இழுத்துக்கொண்டாள். என் கை அவ்வளவு அழுக்கா, ஸ்வாமி?

ரோசம்மாள்

ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்,
8–7–1936

ரோசம்மாளுக்கு,

இது கோவில் கைங்கர்யம் செய்கிற வீடு. கிறிஸ்தவப் பெண் பிடித்த கையோடு அவளை உள்ளே எப்படி விடுவது? குழந்தையே பழகிவிட்டாள், யாரும் சொல்லாமல் தானாகக் கிணற்றடிக்குப் போகிறாள். எனக்குப் புத்தி சொல்ல நீ யார்? நம்மவர்களில் ஒருத்தியை அவள் பக்கத்தில் வைக்கச் சொல். அதுவரை அனுப்புவதற்கில்லை.

சடகோபன்

புத்தூர்,
10–7–1936

ஸ்வாமி,

உங்களவர்களில் ஒருத்தி வந்தால் இன்றைக்கே எழுந்து இடம் கொடுப்பேன். இதுவரை ஒருத்தியும் வரவில்லை.

கோதைக்கு எந்தச் சொல்லும் தொட்டால்தான் வரும். தண்ணீரைத் தொட்டு 'தண்ணீர்'. வண்டிக் குதிரையைத் தொட்டு 'குதிரை'. அம்மா கன்னத்தைத் தொட்டு 'அம்மா'. 'அப்பா' மட்டும் தெரியாது. பள்ளிக்கூடம் போகிறவள் விழுப்பு, தொட்டால் தீட்டு என்று மூன்று வருஷமாய் நீங்கள் அவளைத் தொட்டதே இல்லை. எதைத் தொட்டுக் காட்டி நான் அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுப்பது? பெருமாளுக்குப் பூத்தொடுக்கிற கை பெற்ற பிள்ளைக்கு இல்லையா?

என் வேலை போனால் போகட்டும். அவளை மூலையில் உட்கார வைத்தால் அந்தப் பாவம் உங்களை விடாது.

ரோசம்மாள்

ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்,
15–7–1936

ரோசம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த கோபத்தில் கிழித்துப் போட்டேன். ஆனால் ஒரு வாரமாய்க் கோதை தன் கையில் தானே எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை.

இன்று காலை அவள் கையைப் பிடித்து என் மார்பில் வைத்தேன். பிறகு உள்ளங்கையில் 'அப்பா' என்று எழுதினேன். இரண்டு தரம் எழுதினேன். என் முகமெல்லாம் தடவிப் பார்த்தாள், சிரித்தாள். அப்புறம் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே கிணற்றடிக்குப் போய், நாரை எடுத்து அந்தக் கையைத் தேய்த்துக் கழுவினாள்.

திங்கட்கிழமை நானே அவள் கையைப் பிடித்து அழைத்து வருகிறேன். கழுவ வேண்டாம் என்பதை அவளுக்கு எப்படி எழுதுவது? எனக்குக் கற்றுக்கொடுங்கள்.

சடகோபன்