பஸ் வராத தடம்

காலையில் வேட்டியை உதறியபோது அறை முழுக்கச் சிவப்புப் புழுதி கிளம்பியது. பெட்ரோல் வாடை கலந்த புழுதி. ஜன்னலைத் திறக்கப் போனவன் திறக்காமலே நின்றுவிட்டேன். பஸ் புழுதியைக் கண்டால் நீங்கள் என்னென்ன சொல்லித் திட்டுவீர்கள் என்று எனக்கு மனப்பாடம். ஆனால் இது எந்தத் தடத்துப் புழுதி என்று தெரிந்தால் திட்ட மாட்டீர்கள், வாயடைத்துப் போவீர்கள். அதைச் சொல்ல எனக்கு உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தடத்தில் பஸ் விட்டுவிட்டார்கள்.

நேற்று மில்லுக்குப் பருத்தி பார்க்கச் சத்தியமங்கலம் போயிருந்தேன். வேலை மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. கடைவீதியில் நின்ற ஒரு பஸ்ஸின் நெற்றிப் பலகையில் புதுப் பெயிண்டில் 'மருதந்துறை' என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தேன். பிறகு, எதற்கென்று எனக்கே தெரியாமல், ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

இன்னும் ஐம்பது வருடம் ஆகும் என்றீர்களே! நாலு வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

கோயமுத்தூர் மில்லின் ஸ்டோரில் நீங்கள் மேலே, நான் உங்களுக்குக் கீழே குமாஸ்தா. வயதிலும் ஆறு வருடம் இளையவன். இப்படிப்பட்ட இரண்டு பேர் லீவு நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டுச் சும்மா திரும்பி வருவதைப் பார்த்து மில்லே சிரித்தது. நூற்புக்கணக்கு எழுதுகிறவர் ஒரு நாள் உங்களை வழிமறித்தார்.

"ஏனுங்க, அந்தப் பக்கம் ஒறம்பரை சொந்தம்னு இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"தோட்டம் கீட்டம் வெலைக்குப் பாக்கறீங்களா?"

"இல்லீங்க."

"பின்ன எதுக்குத்தானுங்க போறீங்க?"

"சைக்கிள் ஓட்டத்தானுங்க" என்றீர்கள் நீங்கள். அந்த மனிதர் உங்களுக்கு ஏதோ மனக்கஷ்டம் என்று முடிவுகட்டிக்கொண்டு, அதற்குப் பிறகு உங்களிடம் ரொம்ப மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

முதலில் மேட்டுப்பாளையம் ரோட்டில்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு பஸ் நம்மைத் தாண்டிவிட்டால் முன்னால் போகிறவர் முதுகு தெரியாது. சைக்கிளை நிறுத்தி, கண்ணைக் கசக்கி, துப்பிவிட்டு, நீங்கள் சொல்வீர்கள்: "இத்தனை புழுதிய முழுங்கறதுக்கு மில்லுலயே இருந்து பஞ்சைத் தின்னுக்கலாமுங்க." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சிரிப்பு வராமல் போனதற்குப் பிறகும் நீங்கள் விடவில்லை. கடைசியில் அந்தப் புழுதிமேல் உள்ள கோபத்தில்தான் வழி தேட ஆரம்பித்தீர்கள். பருத்தி கொண்டுவரும் வண்டிக்காரர்களை எல்லாம் நிறுத்தி விசாரித்தீர்கள். ஒரு நாள் மூட்டைச் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்த படத்தை என் மேஜைமேல் வைத்தீர்கள். அன்னூர், புளியம்பட்டி, அங்கிருந்து பவானிக் கரை. பரிசலில் சைக்கிளை ஏற்றி ஆற்றைத் தாண்டினால் மருதந்துறை. அங்கிருந்து சத்தியமங்கலம் வரை பன்னிரண்டு மைல், ஆற்றை ஒட்டியே காடு.

"பஸ் வராத தடமுங்க. காரும் வராது. இன்னும் அம்பது வருசத்துக்கு வராது" என்றீர்கள். பதவி உயர்வு வந்தபோதுகூட உங்கள் முகம் அப்படி இருந்ததில்லை.

படம் பொய் சொல்லவில்லை. வெயில் கீழே இறங்க வழியில்லாதபடி இரண்டு பக்கமும் நீர்மருது. வலது கைப்பக்கம் ஆறு கூடவே வந்தது; சில இடத்தில் தெரியும், சில இடத்தில் சத்தம் மட்டும் கேட்கும். உதிர்ந்த இலைமேல் டயர் போகும் சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. மூங்கில் புதர் வளைவு வந்தால் நீங்கள் பெல் அடிப்பீர்கள். யாருமே இல்லாத காட்டில் எதற்கு பெல் என்று கேட்டேன். "பெரியவுங்க குடும்பத்தோட வந்து தண்ணி குடிச்சுட்டு இருந்தாங்கன்னா? சொல்லிப்போட்டுத்தானுங்க போகோணும்" என்று சொல்லிவிட்டு, வளைவைப் பார்த்து, "வாரமுங்க!" என்று குரல் கொடுத்தீர்கள். யானைக்கும் மரியாதை குறைத்துப் பேசத் தெரியாத மனிதர் நீங்கள்.

அந்த மரியாதையைப் பற்றித்தான் நம் இருவருக்கும் ஒரே சண்டை. மருதந்துறையின் கடைசி வீட்டைத் தாண்டியதும் சைக்கிளை நிறுத்தினீர்கள். "ஸ்டோருல பேசற மாதிரி காட்டுக்குள்ளயும் 'ங்க' போட்டுப் பேசிட்டு வர்றீங்க. அந்த 'ங்க'வ இங்கயே எறக்கி வெச்சுப்போட்டு வாங்க" என்றீர்கள்.

"செரிங்க" என்றேன்.

சிரித்துச் சிரித்து உங்களுக்குப் புரையேறிவிட்டது. ஆனாலும் எனக்கு அது இறங்கவில்லை. உங்களுக்கும்தான்.

மூன்றாவது தடவை போனது கார்த்திகை மாதக் கடைசியில். எப்போதும் போல மருதந்துறைக் கவுண்டர் வீட்டில் தங்கினோம். காலையில் சென்னிமலைப் போர்வையைச் சுருட்டி கேரியரில் கட்ட உங்களால் முடியவில்லை. கயிறு கையிலிருந்து இரண்டு தடவை நழுவியது. கண் சிவந்திருந்தது. கவுண்டர் மாட்டுக் கட்டுத்தறியிலிருந்தே பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, மொகம் ஒரு மாதிரியா இருக்குதுங்களே. வண்டி பூட்டறனுங்க. சத்தி வரைக்கும் கொண்டுபோய் உட்டுப்போட்டு வந்தர்றன்."

"அட, ஒண்ணுமில்லீங்க. அறுப்பு நேரத்துல உங்களுக்கு எதுக்குங்க செரமம்?"

வாசலில் நின்ற அவர் மனைவி என்னைப் பார்த்து, "காச்சலா இருக்கப் போவுது. நெத்தியத் தொட்டுப் பாருங்க கண்ணு" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி. ராத்திரி தூக்கம் செரியா இல்ல, அவ்வளவுதான்" என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "கெளம்பலாங்களா?" என்று கேட்டீர்கள்.

நான் பம்பை எடுத்து உங்கள் பின்சக்கரத்துக்குக் காற்றடித்தேன். காற்று நன்றாகவே இருந்தது. "செரிங்க" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் பேசிய வார்த்தைகளில் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால் அந்தச் 'செரிங்க'வைத்தான் எடுப்பேன். அதைவிடப் பெரிய பொய்கள் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் என்னோடு போகட்டும்.

ஆறாவது மைலில் விழுந்தீர்கள். பின்னால் போனாலும் ஆறு மைல், முன்னால் போனாலும் ஆறு மைல். பெரிய நீர்மருது மரம் ஒன்றின் வேரில் உங்களைச் சாய்த்து உட்கார வைத்தேன். இரண்டு போர்வையையும் சுற்றினேன். போர்வையோடு சேர்ந்து நடுங்கினீர்கள். மலேரியாக் காய்ச்சலுக்கென்று தபாலாபீசில் வாங்கி வைத்திருந்த கொயினாவைக் கொடுத்தேன், வயிற்றில் தங்கவில்லை. திரும்பக் கொடுத்தேன், அதுவும் தங்கவில்லை. ஆற்றுத் தண்ணீரைத் தூக்குப்போசியில் மொண்டு வந்து வாயை நனைத்தேன். அதற்கு மேல் எனக்குச் செய்யத் தெரிந்தது எதுவும் இல்லை.

"யாராச்சும் வருவாங்க" என்றேன்.

"இந்தத் தடத்துலீங்களா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். பல் தந்தியடிக்க, அந்த நிலையிலும் சிரிப்பு.

என் சைக்கிள் பெல்லை அடித்தேன். பிறகு உங்களுடையதை அடித்தேன். இரண்டையும் ஒன்றாக அடித்தேன். மரத்துக் குரங்கு ஒன்று இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. எந்த அமைதிக்காக அத்தனை வண்டிக்காரர்களை நிறுத்தி விசாரித்தீர்களோ, அந்த அமைதி அன்றைக்கு என் குரல்வளையில் காலை வைத்து நின்றது. ஒரே ஒரு பஸ், பகவானே, எத்தனை புழுதியோடு வந்தாலும் சரி என்று வாய்விட்டுக் கேட்டேன். உங்களுக்குக் கேட்டதோ என்னவோ.

"நான் மட்டும் போய் ஆள் கூட்டியாரட்டுங்களா?" என்றேன்.

"போய்ட்டு வாங்க" என்றீர்கள். வாய்தான் அப்படிச் சொன்னது. கை என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் போகவில்லை. உங்களைத் தனியாக விட்டுவிட்டுப் போயிருந்தால் ஒரு மணி நேரத்தில் சத்தி சேர்ந்து ஆளும் வண்டியுமாகத் திரும்பியிருக்கலாம். திரும்பும்போது அந்த மரத்தடியில் என்ன இருந்திருக்கும் என்பதும் தெரியாது. வாய் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டுமா, கை சொன்னதைக் கேட்டது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்டாலும், "நீங்க என்னங்க பண்ணுவீங்க பாவம்" என்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

உச்சி வெயில் சாயும்வரை பார்த்தேன். பிறகு உங்கள் சைக்கிளை மரத்தடியிலேயே விட்டுவிட்டு, என் சைக்கிளின் கேரியரில் உங்களை ஏற்றி, துண்டால் சீட்டோடு சேர்த்துக் கட்டி, ஒரு கையால் உங்களையும் ஒரு கையால் ஹேண்டில்பாரையும் பிடித்துத் தள்ளினேன். ஒரு தடவை சரிந்தோம். தூக்கிக் கட்டினேன். இரண்டாவது தடவை சரிந்தபோது நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை. "ஏனுங்க, கேக்குதுங்களா? ஏனுங்க!" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. உங்கள் தோளைப் பிடித்து உலுக்கி, "டேய், எந்திரிடா! எந்திரிச்சு உக்காருடா!" என்று கத்திவிட்டேன்.

கண் திறந்தது. உதடு ஒரு பக்கமாகக் கோணியது. "இப்பத்தான் எறங்குச்சாக்கும்" என்றீர்கள்.

நீங்கள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

பொழுது சாயும் நேரத்தில் சத்தி ஆஸ்பத்திரி சேர்ந்தோம். டாக்டர் ஊசி போட்டுவிட்டு வந்து, எப்போது விழுந்தார், எங்கே விழுந்தார் என்று விசாரித்தார். சொன்னேன். "அந்தக் காட்டுத் தடத்தில் ஒரு பஸ்கூட வராதே! எதற்காக அந்த வழியாக வந்தீர்கள்?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை என்னால் சொல்ல முடியவில்லை. மறுநாள் மத்தியானம் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் சைக்கிளைக் கவுண்டர் அடுத்த வாரம் மாட்டுவண்டியில் ஏற்றிக் கோயமுத்தூர் வரைக்கும் கொண்டுவந்து உங்கள் வீட்டில் சேர்த்தார். நானும் அங்கே இருந்தேன். "வேண்டாமுன்னு சொன்னாலும் நான் பூட்டியிருக்கோணுமுங்க. அவரு வேண்டாமுன்னுதான் சொல்லுவாரு, பூட்டியிருக்கோணுமல்லங்க நானு" என்று அந்தப் பெரிய மனிதர் வாசலில் நின்று அழுதார். அவராவது வண்டி பூட்டுகிறேன் என்று கேட்டவர்.

மில்லில் இப்போது எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. தொட்டுப் பார்க்கிற குமாஸ்தா. யாராவது முகம் வாடி வந்து, என்ன என்று கேட்டதற்கு "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டால் போதும், என் கை அவர்கள் நெற்றிக்குப் போய்விடுகிறது. நூற்புக்கணக்கர் என்னைக் கண்டால் துண்டால் தலையை மூடிக்கொண்டு ஓடுகிறார். சிரிக்கட்டும்.

நேற்று அந்த பஸ்ஸில் மருதந்துறை வரை போய், கீழே இறங்காமலே அதே பஸ்ஸில் திரும்பினேன். ரோட்டுக்காகப் பாதி மரங்களை வெட்டியிருக்கிறார்கள். மூங்கில் வளைவில் டிரைவர் ரப்பர் ஹாரனை அமுக்குகிறார், எதிர் வண்டிக்காக. திரும்பும்போது மருதந்துறையில் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் துணி சுற்றிய பெண் குழந்தை, மூன்று வயது இருக்கும்.

"ஏனுங்க, ஆஸ்பத்திரிகிட்ட நிறுத்துவாங்களா?"

"நிறுத்துவாங்க. கொழந்தைக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்க. சித்தே சோந்து கெடக்கறா."

என் கை போய்விட்டது.

இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அன்று காலையில் கவுண்டர் மனைவி சொன்னதும் நான் கையை நீட்டினேன். உங்கள் நெற்றிக்கும் என் கைக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. மேலே இருக்கிறவர், மூத்தவர், ஒண்ணுமில்லை என்று தன் வாயால் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் தொட்டால் அவரை நம்பாதது போல் ஆகிவிடுமே என்று கூசியது. பாதியில் கை திரும்பிக்கொண்டது. திரும்பிய கைக்கு ஒரு வேலை வேண்டும் என்றுதான் பம்பை எடுத்தேன்.

"சுடுதுங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"சுடுது" என்றேன்.

"நல்லவேளை, பஸ் உட்டாங்க" என்று அவள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஆறாவது மைலில் நம் மருதமரம் ஜன்னலில் வந்தது. அதை வெட்டவில்லை. நான் பார்த்து முடிப்பதற்குள் புழுதி மூடிவிட்டது. நீங்கள் இருந்தால் துப்பியிருப்பீர்கள். நான் துடைக்கவில்லை, தும்மக்கூட இல்லை. சத்தி வரும்வரை குழந்தையின் நெற்றியிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

அன்று காலையில் இப்படித்தான் சுட்டிருப்பாய் நீ.