துரைக்கு முன்னால் ஓடியவன்

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமா? போன் போட்டால் "ம்", "சரி" என்ற இரண்டு வார்த்தையோடு கடையைக் கட்டிவிடுவீர்கள். அதனால்தான் இதை எழுதி லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். குதிரைகளோடு குதிரையாக வந்து சேரும்.

துரை சௌக்கியம். இந்த மைதானத்துக்கு வந்ததிலிருந்து துரைத்தனம் இன்னும் கூடிவிட்டது. புது வாளியில் தண்ணீர் வைத்தால் மூக்கை நுழைக்கமாட்டேன் என்கிறார். கடைசியில் நம் லாயத்திலிருந்து அந்த நசுங்கின வாளியையே வரவழைத்தோம். அவருடைய முதல் பந்தயம் நினைவிருக்கிறதா? கதவு திறந்ததும் மற்றவை எல்லாம் பறக்க, இவர் மட்டும் நின்று கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிறகு கிளம்பி அத்தனை பேரையும் தாண்டினாரே! "இது குதிரை இல்ல மாப்ள, துரை. மனசு வச்சாத்தான் ஓடும்" என்று அன்று நீங்கள் சொன்னதுதான் பெயராகவே ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து இன்றுவரை அவரை ஜெயித்த குதிரை கிடையாது. மழையில் ஓடினார், கால் புதைகிற சேற்றில் ஓடினார், காய்ச்சல் விட்ட மறுவாரமே ஓடினார்.

இப்போது வருவது கடைசிப் பந்தயம். இது முடிந்ததும் பண்ணைக்குப் போய், குட்டிகளுக்குத் தகப்பனாகி, உட்கார்ந்து சாப்பிடப் போகிறார். 'தோல்வியே காணாத குதிரை' என்று முதலாளி இப்போதே பலகை எழுதி வைத்துவிட்டாராம். கேட்டதிலிருந்து மைதானத்தைத் தினமும் இரண்டு தடவை நடந்து அளக்கிறேன்.

அதனால் வழக்கம்போல உங்கள் குதிரை அப்பாவியை அழைத்துக்கொண்டு வந்து சேருங்கள். நீங்கள் முன்னால் வேகமாக ஓடி மற்றக் குதிரைகளை மூச்சு வாங்கவையுங்கள். வளைவு தாண்டியதும் அப்பாவி களைத்துப் பின்தங்குவான், நானும் துரையும் வந்துவிடுவோம். பாடு உங்களுக்கு, கோப்பை எனக்கு. உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட நாளாக அவள் இதைச் சொல்லி என்னைக் குத்தாத நாளில்லை.

உங்கள் அன்பு மாப்பிள்ளை

மார்ச் 9

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. லாரிக்காரர் அதன் மேல் டீயைச் சிந்திவிட்டார். பாதியை ஊகித்துத்தான் படித்தேன். நீ பெருமையடித்துக்கொண்ட இடம் மட்டும் நனையாமல் பளிச்சென்று இருந்தது.

வருகிறேன். ஆனால் ஒன்று. அப்பாவி இந்த மாதம் ஆளே மாறிவிட்டான். காலை ஓட்டத்தில் கடிவாளத்தை என் கையிலிருந்து பிடுங்குகிறான். இத்தனை காலம் முன்னால் ஓடிவிட்டுக் கடைசியில் துரையின் வாலைப் பார்த்தே பழகினவன். அவனுக்கும் அலுத்துவிட்டதோ என்னவோ. இந்தத் தடவை அவன் களைக்காவிட்டால் நான் பிடித்து நிறுத்தமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். அப்புறம் தங்கையிடம் போய் மூக்கைச் சிந்தாதே. பயிற்சியாளரிடமும் கேட்டேன். "வளைவு வரைக்கும் இழுத்துட்டுப் போ. அதுக்கப்புறம் முடிஞ்சா நீயே ஜெயி" என்று சிரித்தார். சிரித்தாலும் சொன்னது சொன்னதுதானே!

தங்கை உன் தொப்பியைத் தைத்துக் கொடுத்திருக்கிறாள், கொண்டுவருகிறேன். எடைக்குப் பயந்து பட்டினி கிடக்காதே. உன்னைத் தராசில் வைத்தால் முள் அசைகிறதா என்றே அவளுக்குச் சந்தேகம்.

மச்சான்

மார்ச் 27

மச்சானுக்கு,

பேப்பரில் படம் பார்த்திருப்பீர்கள். துரைக்குப் பக்கத்தில் கோப்பையோடு நிற்கிற என் முகத்தையும் பார்த்திருப்பீர்கள். அதில் சிரிப்பு இருந்ததா?

வளைவு தாண்டியும் நீங்கள்தான் முன்னால் இருந்தீர்கள். துரையை விரட்டினேன், கெஞ்சினேன், சவுக்கை ஓங்கிக் காட்டினேன். அவரிடம் மிச்சம் எதுவும் இல்லை. நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். அப்போது நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். கடிவாளத்தை இழுத்தீர்கள். திரும்பி என்னைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு வேலியோரமாக ஒதுங்கி வழிவிட்டீர்கள்.

பிச்சை போடுங்கள் என்று நான் கேட்டேனா மச்சான்? பிடித்து நிறுத்தமாட்டேன் என்று எழுதினவர் நீங்கள்தானே! தங்கை புருஷன் தோற்றால் உங்களுக்கென்ன? ஊரே என்னைத் தோளில் தூக்குகிறது, எனக்குக் கூசுகிறது.

வேண்டுமென்றே குதிரையை நிறுத்தினீர்களா என்று நடந்த விசாரணையில், அப்பாவியின் கால் தாளம் தப்பியது என்று ஒரு கதை சொன்னீர்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். அப்புறம் என்னைக் கேட்டார்கள். "அவர் புடிச்சாரு. நான் பாத்தேன்" என்றேன். பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். உங்கள் லைசென்ஸ் போனதற்கு நான் காரணமில்லை. நீங்கள் செய்ததுதான் காரணம்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 2

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது.

தங்கை பெட்டியோடு இங்கே வந்திருக்கிறாள். நான் வரச் சொல்லவில்லை. திரும்பிப் போகும்படி நானும் என் மனைவியும் சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மைதானத்துக்குள்ளும் லாயத்துக்குள்ளும் நான் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. தானியக் கிடங்கு ஒன்றில் மூட்டைகளை எடை போடும் வேலை கிடைத்திருக்கிறது. இத்தனை வருடம் என்னைத் தராசில் ஏற்றி நிறுத்தார்கள், இனி நான் நிறுக்கிறேன். வேலையில் ஒரு குறையும் இல்லை.

அப்பாவி இடது முன்னங்காலை ஊன்றாமல் நிற்பதாக லாரிக்காரர் சொன்னார். நான் போய்ப் பார்க்க வழியில்லை. தாங்கள் லாயத்துக்குத் திரும்பியதும் ஒரு பார்வை பார்த்தால் உதவியாக இருக்கும்.

தங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் மனைவியின் அண்ணன்

ஏப்ரல் 19

மச்சான்,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாலைந்து தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அப்பாவிக்கு நேற்று மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் விரிசல். "இந்த மாதிரி மயிரிழை விரிசல் முதல்ல படத்துல விழாது. ஆற ஆரம்பிச்சாத்தான் கண்ணுக்குத் தெரியும்" என்று அதே டாக்டர்தான் சொன்னார். படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். அந்த வேகத்தில் இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் கால் முறிந்து அப்பாவி உருண்டிருப்பானாம். ஒட்டிப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது யார்? துரையும் நானும்தான். நாங்கள் அவன் மேலேயே விழுந்திருப்போம்.

அதற்காகத்தான் திரும்பிப் பார்த்திருக்கிறீர்கள். நான் எந்தப் பக்கம் வருகிறேன் என்று பார்த்து, அவனை என் வழியிலிருந்து ஒதுக்கியிருக்கிறீர்கள். நான் அதைப் பிச்சை என்றேன். கதை என்றேன்.

வெட்கமாக இருக்கிறது மச்சான். அப்பாவியின் கொட்டடிக்குள் போனேன். அவன் பாட்டுக்கு என் சட்டைப் பையில் மூக்கை விட்டு வெல்லம் தேடினான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் பொய்தான். பார்த்ததைச் சொன்னேன் என்று எழுதினேன் அல்லவா? விசாரணை அறையில் என்னிடம் முதலில் கேட்டது, "நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பமாமே?" என்பதைத்தான். இரண்டு பேரும் பேசிவைத்துச் செய்ததாக என்னையும் சேர்த்துப் பிடித்துவிடுவார்களோ என்று பயந்துபோனேன். அந்தப் பயத்தில்தான் "அவர் புடிச்சாரு" என்று வந்தது. உண்மைக்காக ஒன்றுமில்லை. நான் தப்பித்துக்கொள்ள உங்களைப் பிடித்துக் கொடுத்தேன். வெளியே வந்து அதற்கு ரோஷம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

விசாரணை செய்தவர்களிடமே போய்ச் சொல்லிவிடுகிறேன். என் லைசென்சும் போகும். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை.

மாப்பிள்ளை

மே 8

அன்புள்ள மச்சானுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு யோக்கியதை கிடையாது.

விசாரணைக் குழுவில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புது எக்ஸ்ரேயையும் காட்டினேன். உங்கள் மேல் இருந்த தடையை எடுத்துவிட்டார்கள். உத்தரவு உங்கள் கைக்கு வந்திருக்கும். பயத்தில் சாட்சி சொன்னதற்காக என்னை இந்தப் பருவம் முடியும்வரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அது சரிதான். முதலாளிக்குத்தான் ஆத்திரம். பலகையில் சேறு அடித்துவிட்டேனாம்.

துரை பண்ணைக்குப் போனபோது என்னை லாயத்துக்குள் விடவில்லை. வாசலில் நின்று பார்த்தேன். லாரியில் ஏறமாட்டேன் என்று வழக்கம்போல அடம்பிடித்தார். நான் பின்னால் நின்று இரண்டு தட்டுத் தட்டினால் ஏறிவிடுவார். அது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. நசுங்கின வாளியையும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், இப்போது அது என் வீட்டில் கிடக்கிறது. அத்தனை கோப்பை வாங்கித் தந்தவருக்கு அந்த ஒரு வாளியைக் கொடுத்தனுப்ப எனக்கு வழியில்லாமல் போனது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தேன். திட்டு வாங்கத்தான் வந்தேன். இரண்டு அறை விட்டாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் வந்தேன். நீங்கள் எழுந்து நின்று "வாங்க" என்றீர்கள். எனக்கு நாற்காலி போட்டீர்கள். நாம் இரண்டு பேரும் என்றைக்கு மச்சான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம்? வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து ஒரே டம்ளரில் டீயைப் பகிர்ந்து குடித்தவர்கள் நாம். அக்கா தட்டில் வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்று நீங்கள் கேட்டீர்கள். உங்கள் தங்கை வந்து காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரம், விசாரணை அறையில் இருந்ததைவிட மோசமாக இருந்தது.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். என் மேல் அவ்வளவு கோபம்கூடப் படமுடியாத அளவுக்கு நான் அந்நியனாகிவிட்டேனா? இதற்கும் பதில் வராவிட்டால் புரிந்துகொள்கிறேன். இனி எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன்.

மாப்பிள்ளை

மே 15

அட அறிவுகெட்டவனே,

திட்டு வேண்டுமா உனக்கு? வாங்கிக்கொள். கழுத்துக்கு மேலே தலை என்று ஒன்று இருக்கிறதே, அது தொப்பி மாட்ட மட்டும்தானா? குதிரை மேல் உன்னோடு தோளோடு தோள் உரச எத்தனை வருடம் ஓடியிருக்கிறேன். என் கையைப் பார்த்தாயே, அப்பாவியின் காலைப் பார்த்தாயா? கேட்டால் சொல்லமாட்டேனா? குழுவுக்கு முன்னால் நீ வாயைத் திறந்தபோது உன்னை அப்படியே அள்ளித் தண்ணீர்த் தொட்டியில் முக்க வேண்டும்போல இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறந்திருந்தால் அடக்கியிருக்க முடியாது. பிள்ளைகள் வேறு இருந்தார்கள். அதனால்தான் "வாங்க, போங்க" என்று கட்டிப் போட்டுக்கொண்டேன். அது உனக்கு உறைக்க வேண்டும் என்றும் நினைத்தேன். உறைத்திருக்கிறது, சந்தோஷம்.

இன்னொன்று. இதை விசாரணையில் நான் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லப் போவதும் இல்லை. அன்றைக்கு அப்பாவியின் கால் மட்டும் நன்றாக இருந்திருந்தால் உன் துரை தோற்றிருப்பான். அவன் எனக்கடியில் எப்படி ஓடினான் என்பது எனக்குத் தெரியும். முதலாளி அந்தப் பலகையை மாட்டிக்கொள்ளட்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நீ தலையைக் குனிந்துகொள், அது போதும். அப்பாவி இனி ஓடமாட்டான். கால் ஆறினதும் லாயத்திலேயே வைத்துக்கொள்ளப் பயிற்சியாளர் சம்மதித்துவிட்டார். நானும் திங்கள்முதல் பழையபடி லாயத்துக்கு வேலைக்குப் போகிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதில் எங்கும் எழுதவில்லை. வேண்டுமானால் திரும்பப் படித்துப் பார். அதற்கு நாளாகும். தங்கையின் கோபம் அதைவிடப் பெரியது. அது உன் பாடு, நான் நடுவில் வரமாட்டேன். ஆனால் உன் கிழிந்த சட்டையைப் பெட்டியில் கொண்டுவந்திருக்கிறாள். நேற்று அதற்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் ஒளித்துவிட்டாள்.

வருகிற ஞாயிறு வா. அந்த வாளியை எடுத்துக்கொண்டு வா. பண்ணை வழியாகப் போகும்போது கொடுத்துவிடுவதாக லாரிக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நாற்காலியை நம்பி வராதே. அது பக்கத்து வீட்டில் உனக்காக இரவல் வாங்கினது. அன்றைக்கே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இனி வந்தால் தரையில்தான் உட்கார வேண்டும்.

மச்சான்