வெள்ளிக்கிழமை அடித்த ஹோன்

காக்கா,

நேற்று உங்கள் வயலின் பெட்டியைத் திறந்தேன். வில்லுக்குப் பூசுகிற ரோசின் வாசம் எழும்ப முதலே மீன் வாசம் எழும்பி வந்து "ஆர் புள்ள அது?" என்று கேட்டது. உள்ளே ஒட்டியிருந்த வெல்வெட்டில் ஒரு செதில். கீரி மீனாக இருக்க வேண்டும். துடைக்கவில்லை. எங்கள் சங்கீத ரீச்சர் கண்டால் மூக்கைப் பொத்துவா. பொத்தட்டும்.

உலகத்தில் எத்தனையோ பேர் வயலின் படித்திருப்பார்கள். சைக்கிளில் மீன் விற்றுவிட்டு வந்து, ஐம்பது வயதில், வேலிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்து, பதினாறு வயதுப் பெட்டையிடம் படித்த ஆள் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

உங்கள் வாடிக்கைக்காரர் ஓவசியர் வீடு மாறிப் போன அன்று கட்டில் ஏறியது, கதிரை ஏறியது, அம்மிக்கல்லும் ஏறியது. லொறியில் இடமில்லாமல் நின்றது இந்தப் பெட்டி ஒன்றுதான். மீன் கொடுக்கப் போன உங்கள் கையில் அதைத் தந்துவிட்டுப் போனார். "தந்திட்டார், இனி வாசிக்கத்தானே வேணும்" என்றீர்கள், யாரோ பூனைக்குட்டியை விட்டுவிட்டுப் போன மாதிரி.

பள்ளிக்கூடத்தில் நான் இரண்டு வருடம் வயலின் படித்திருந்தேன். தெருவில் வேறு ஆள் இல்லாததால், அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற உங்களுக்கே குருவாகிவிட்டேன். உங்கள் முற்றத்தில் வந்து குந்தினால் அம்மா ஏசுவா. நீங்கள் எங்கள் முற்றத்துக்கு வந்தால் நாய் ஏசும். அதனால் வேலியில் இரண்டு தென்னோலைக் கிடுகைக் கழற்றி ஓட்டை போட்டோம். முதல் நாளே சைக்கிள் செயினுக்கு விடுகிற எண்ணெயை வில்லுக்கும் விட்டிருந்தீர்கள். வில் தந்தியில் வழுக்கிக்கொண்டு போனது; சத்தம் என்று ஒன்றும் இல்லை.

"அருமையான வயலின் காக்கா, ஒருத்தருக்கும் கரைச்சல் இல்ல" என்றேன்.

வில்லைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைக்க இரண்டு நாள். மறுகா, ரீச்சர் எனக்குத் தந்ததையே உங்களுக்கும் தந்தேன்: சரளி வரிசை. ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு. ஒரு மாதம். நீங்கள் எப்படியோ ஏறிவிடுவீர்கள். இறங்கத் தெரியாமல் மேலேயே நிற்பீர்கள்.

"புள்ள, இது மரத்தில ஏத்திப்போட்டு ஏணியை எடுக்கிற வேலை."

"குயில் மாதிரி வர வேணும் காக்கா."

"கூப்பிடுறது காக்கா எண்டு, கேக்கிறது குயிலையா?"

வாயால் என்னை வென்ற ஆட்கள் குறைவு. அந்தக் கணக்கில் அன்று நீங்களும் ஏறினீர்கள்.

உங்கள் மனிசி, எங்களுக்கு அக்கா முறையில் ராத்தா, குசினிக்குள் இருந்து எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்தா. ஒரு நாள் பொறுமை முடிந்து வெளியே வந்தா.

"இஞ்சாருங்க. நோன்புப் பிறை காணுறதுக்குள்ள, கேட்ட உடன இன்னதுதான் எண்டு எனக்கு விளங்குற மாதிரி ஒண்டு வாசிங்க. இல்லாட்டி அந்தப் பெட்டியில கோழியை அடை வெப்பன்."

"முட்டை இருக்கா ராத்தா?" என்றேன் நான்.

"பன்னிரண்டு இருக்கு" என்றா.

நீங்கள் சிரிக்கவில்லை. ஓட்டையால் பார்த்தேன். வில்லை மடியில் கிடத்தி, மீன் முள் கிழித்த விரலால் தடவிக்கொண்டிருந்தீர்கள். பிறைக்கு ஒன்பது நாள்தான். எனக்குத்தான் இது பகிடி, உங்களுக்கு இல்லை என்று அப்போதுதான் மண்டைக்குள் ஏறியது.

அடுத்த நாள் காலையில் தெரு முனையில் உங்கள் சைக்கிள் ஹோன் கேட்டது. பாஆம், பாஆம், பம்பம்பம். அந்த ரப்பர்ப் பந்தை அமத்துவதில் ஒவ்வொரு மீன்காரருக்கும் ஒரு கைப்பழக்கம். எங்கள் தெருப் பெண்கள் அதை வைத்தே ஆளைச் சொல்வார்கள். எல்லாரிடமும் விற்று முடித்து, கடைசியில் உங்கள் சொந்த வீட்டு வாசலில், கடப்படியில் நின்று அடிப்பீர்கள். வீட்டுக்கென்று ஒதுக்கிய மீனை வாங்க ராத்தா சட்டியோடு வருவா. நான் பல் தீட்டிக்கொண்டே எண்ணினேன். இரண்டு நீட்டு, மூன்று வெட்டு. ஒரே சுரம். விரலே வைக்கத் தேவையில்லை. முழு வில்லால் இரண்டு இழுவை, நுனி வில்லால் மூன்று.

"சரளியை விடுங்க காக்கா. உங்கட ஹோனை வாசிங்க."

"பகிடியா புள்ள?"

"சத்தியமா இல்ல. கைக்கு ஏற்கனவே பாடம். வில்லுக்கு மட்டும் சொல்லிக் குடுங்க."

ஒரு மாதமாக விறைத்துக்கொண்டு நின்ற உங்கள் முழங்கை அன்றே இளகியது. ஒரு வாரம் மெதுவாக, பூனை நடக்கிற சத்தத்தில் பழகினீர்கள். பிறகு வந்தது வெள்ளிக்கிழமை. நீங்கள் சைக்கிளைத் தொடாத நாள். எங்கள் பக்கத்து வீடுகளில் விரதம் என்று மீன் சட்டி அடுப்பேறாத நாள். ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினீர்கள்.

"இண்டைக்குப் பலமா இழுங்க" என்றேன்.

இழுத்தீர்கள்.

உங்கள் பக்கத்து வீடுகளில் இருந்து மூன்று பேர் சட்டியோடு ஓடி வந்தார்கள். எங்கள் பக்கத்தில் இருந்து அம்மாவும் பெரியம்மாவும் வெறுங்கையோடு, ஆனால் வாய் நிறைய.

"வெள்ளிக்கிழமையும் மீனா? இந்த மனிசனுக்குக் கிழமை தெரியாதா?"

"சத்தம் கேட்டிச்சு, சைக்கிளைக் காணல்லியேகா!" என்றா சட்டியோடு வந்த ஒருத்தி.

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த நேரம்தான் உங்கள் குசினிக் கதவு திறந்தது. நீங்கள் பத்தடி தூரத்தில் குந்தியிருப்பது தெரிந்திருந்தும், ராத்தா சட்டியோடு கடப்படிக்கு நடந்தா. பாதி வழியில் நின்றா. சட்டியைப் பார்த்தா. உங்களைப் பார்த்தா.

"சரி. கோழி வேற இடம் பாக்கட்டும்" என்றா.

வெள்ளிக்கிழமை தற்செயலாக வந்தது என்று அன்றைக்கு உங்களிடம் சொன்னேன். பொய். நாளைத் தெரிந்தெடுத்தது நான்தான். உங்களுக்குத் தெரிந்திருக்கும், அன்றைக்கு ஏசாமல் விட்டதற்கு நன்றி.

அதற்குப் பிறகு எல்லாப் பாட்டையும் அப்படித்தான் தெரிந்தெடுத்தோம். கரைவலை இழுக்கிறவர்களின் ஏலேலோவுக்கு ஒரு விரல். உங்கள் உம்மா பாடிய தாலாட்டுக்கு இரண்டு விரல். மூன்றாவது விரலுக்கு வர முதல், மாரி மழையோடு வந்த நெஞ்சு வருத்தத்தில் நீங்கள் போய்விட்டீர்கள்.

நாற்பது நாள் கழிந்து, ராத்தா வேலி ஓட்டையால் பெட்டியை நீட்டினா. "நீ எடுக்கிறியா புள்ள, கோழிக்குக் குடுக்கட்டா?" வார்த்தை பழைய வார்த்தைதான். பெட்டியைப் பிடித்த பிடியைத்தான் விடவில்லை. இரண்டு கையையும் ஓட்டைக்குள் விட்டு நான் வாங்கிக்கொண்டேன்.

இப்போது என்னிடம் இரண்டு பேர் படிக்கிறார்கள், என் தங்கச்சியும் உங்கள் பேத்தியும். சரளியைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு கேள்வி: "எந்தச் சத்தம் கேட்டா எல்லாத்தையும் போட்டிட்டு எழும்பி ஓடுவீங்க?" தங்கச்சி ஐஸ்பழக்காரனின் மணி என்றாள். உங்கள் பேத்தி கையைப் பொத்திக் காற்றில் அமத்தினாள். இரண்டு நீட்டு, மூன்று வெட்டு.

நேற்று வெள்ளிக்கிழமை. வேலிக்கு அந்தப் பக்கம், நீங்கள் குந்துகிற இடத்தில் குந்தி, அவள் உங்கள் வயலினை முதல் தரம் பலமாக இழுத்தாள்.

குசினிக் கதவு திறந்தது. ராத்தா கையில் சட்டி.

"இண்டைக்கும் வெள்ளிக்கிழமைதான் ராத்தா" என்றேன்.

"தெரியும்." சட்டியைக் கீழே வைத்தா. குசினிக்குள் கிறுகிப் போகவில்லை. "இன்னொருக்கா இழுக்கச் சொல்லு புள்ள. அந்தக் கடைசிப் பம் சரியில்ல. அவர் இன்னும் கெட்டியா வெட்டுவார்."

அதைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறோம், காக்கா.