ஒரு ‘த்’ அதிகம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஜன்னல் விளிம்பில் மறுபடியும் சாம்பல். மலைப்பக்கம் காடு எரிய ஆரம்பித்து இன்று ஆறாவது நாள். இதுவரை வற்றிப்போன ஏரியின் மண்தான் காற்றோடு வந்துகொண்டிருந்தது. இப்போது சாம்பலும் கூட்டு சேர்ந்துகொண்டது. தொட்டால் மாவு மாதிரி விரலில் ஒட்டுகிறது.

நான்கு முறை பெருக்கினேன். படுக்கை விரிப்பை பால்கனியில் உதறினேன். கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், “சுகாதார இன்ஸ்பெக்டர் வர்றாங்க, எல்லாரும் காலைத் தூக்கிக்குங்க” என்றார். நக்கலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

போன வருடம் நிமோனியாவில் படுத்து எழுந்த மனிதர். பஸ் கண்டக்டர் வேலை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஊர்த் தூசியெல்லாம் டிக்கெட் எடுக்காமல் ஏறிக்கொள்ளும். இன்னொரு முறை நெஞ்சைப் பிடித்தால் தாங்காது என்று டாக்டர் சொன்னதால் லீவில் இருக்கிறார். வெளியே என்ன பறந்தாலும் பறக்கட்டும். என் வீட்டுக்குள் ஒரு தூசி இருக்க விடமாட்டேன்.

மார்ச் 6, வியாழன்

அச்சகத்தில் தலைபோகிற அவசரம். சுகாதார அலுவலகத்தின் அறிவிப்பு, ஒரே பக்கம், மதியத்துக்குள் அச்சேற வேண்டும். பிழை பார்க்க என்னிடம் வந்தது. டைப் செய்தவர் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருப்பார் போல. ‘மூச்சுத்தினறல்’ என்று மூன்று இடத்தில். ‘துணியால்த் துடைக்கவும்’ – நடுவில் அந்த ‘த்’ எங்கிருந்து வந்து குதித்தது? சிவப்பு மையால் அடித்துத் தூக்கினேன். மொத்தம் பதினான்கு பிழைகள்.

“உங்க கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளி போகாதும்மா” என்றார் முதலாளி. உச்சி குளிர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெருக்கினேன்.

மார்ச் 7, வெள்ளி

இருமுகிறார். தொண்டைக் கரகரப்புதான் என்கிறார்.

மார்ச் 8, சனி

ஜன்னலையெல்லாம் இறுக்கி அடைத்தாயிற்று. கதவின் அடியில் ஈரத் துண்டு. நான் வெளியே போனால் மூக்கை அழுத்திப் பிடிக்கும் முகக்கவசம். வந்ததும் வாசலிலேயே உடை மாற்றுகிறேன். அவர் படியைத் தாண்டவே இல்லை. அப்படியும் இருமல் கூடுகிறதே, எந்த வழியாக உள்ளே வருகிறது இந்தப் பாழாய்ப்போன தூசி? இன்று ஆறு முறை பெருக்கினேன். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், ஒரு மூலை பாக்கியில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பாடு போதுமா என்று கேட்டால் கையைக் காட்டுகிறார். பேச்சுக்குப் பெயர்போன மனிதர், பேசவில்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

காலையில் உதடு வெளிறிப்போச்சு. எதிர் வீட்டுத் தையல்கார அக்காதான் ஆட்டோ பிடிச்சாங்க. ஆஸ்பத்திரியில உடனே ஆக்சிஜன் வச்சாங்க.

நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே எழுதினார். வெளியே போனாரா? இல்லை. புகை பிடிப்பாரா? இல்லை.

“வீட்ல பெருக்குறது யாரு?”

“நான்தான். ஒரு நாளைக்கு ஆறு தடவை.” பெருமையாக வேறு சொன்னேன்.

“காய்ஞ்ச துடைப்பத்தாலயா?”

“பின்ன எதால பெருக்குவாங்க?”

அவர் பேனாவை வைத்துவிட்டார். “படிஞ்சு கிடந்ததை ஆறு தடவையும் கிளப்பி விட்டிருக்கீங்கம்மா. எல்லாம் அவர் நெஞ்சுக்குள்ளதான் போயிருக்கு. இந்த நோட்டீஸ் வீடு வீடா கொடுத்தோமே, படிக்கலையா?”

கையில் கொடுத்தார். ஐந்தாவது வரி. ‘சாம்பலைப் பெருக்க வேண்டாம், ஈரத் துணியால் துடைக்கவும்.’ அந்த ‘த்’ இல்லை. நான் எடுத்த ‘த்’.

படிக்கலையான்னு கேக்குறாங்க. படிச்சேன். மூணு தடவை படிச்சேன். எழுத்து எழுத்தா, புள்ளி புள்ளியா... என்னத்தைப் படிச்சேன்? தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

அவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆக்சிஜன் முகமூடிக்குள் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடி வந்து என்னைத்தான் முறைத்தார்.

பிறகு, “தெரியும்... நீ பெருக்கும்போதுதான்... அதிகமாகும்” என்றார்.

“அப்புறம் ஏன் சொல்லல?”

“சொன்னா... கேட்டிருப்பியா?”

கேட்டிருக்க மாட்டேன். “என் வேலையில குத்தம் கண்டுபிடிக்க வந்துட்டீங்களா”ன்னு எகிறியிருப்பேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 13, வியாழன்

அவர் திரும்பி வருவதற்குள் வீடு தயாராக வேண்டும். முழங்காலிட்டு ஈரத் துணியால் துடைக்கிறேன். வாளித் தண்ணீர் மூன்று முறை மை மாதிரி மாறியது. கொசுவத்தியை நிறுத்தியாயிற்று, வறுப்பதும் பொரிப்பதும் கிடையாது. விரிப்புகளை உதறாமல் நேரே தண்ணீரில் போட்டேன்.

துடைப்பமாம் துடைப்பம். துடைக்கிற வேலையை அது ஒரு நாளாவது செய்திருக்கிறதா? இத்தனை வருடம் சொல்லைத் திருத்திச் சோறு தின்கிறேன், இது ஒன்று கண்ணில் படவில்லை.

மார்ச் 15, சனி

நுரையீரல் தெளியவில்லை, இன்னும் நான்கு நாள் இருக்கட்டும் என்கிறார் டாக்டர்.

மார்ச் 19, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டார். படியேறும்போது இரண்டு இடத்தில் நின்றோம். ஏறி முடிக்கும்வரை பேச வேண்டாம் என்று நானே சொன்னேன்.

மார்ச் 29, சனி

காற்று திசை மாறிவிட்டது. காட்டுத் தீயை அணைத்துவிட்டதாகச் செய்தி. ஏரி மண் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

காலையில் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குளியலறைக்குப் போனவர் ஈரத்தில் காலை வைத்து வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆரம்பித்தது திட்டு: “ஏம்மா, வீடு பூரா குளம் மாதிரி ஆக்கி வச்சு, மூச்சுத்திணறல்லேர்ந்து தப்பிச்ச மனுஷன் இடுப்பு ஒடிஞ்சு படுக்கட்டும்னு பாக்குறியா, நான் பாத்ரூம் போறதுக்கு உன்கிட்ட ரிசர்வேஷன் பண்ணிட்டுத்தான் எழுந்திருக்கணுமா, சொல்லு!”

ஈரத் துணியும் கையுமாக அப்படியே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நீளத் திட்டுக்கு நடுவில் ஒரு இடத்தில்கூட அவருக்கு மூச்சு வாங்கவில்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்க” என்றேன்.

கொழுப்பைப் பார் என்று மறுபடி ஆரம்பித்தார்.