மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்றே முக்கால் பேரும் நன்றாக இருக்கிறோம். நீயும் உன் கப்பலும் உன் எஞ்சினும் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முக்கால் என்று ஏன் எழுதினேன் என்றால், உள்ளே இருக்கிற ஆளை முழு ஆளாகச் சேர்க்க உன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, வெளியே வந்து ஒரு குரல் அழட்டும், அப்புறம் நாலு என்று எழுதுங்கள் என்கிறாள். இந்தக் கடிதத்தை மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறைக்குள் கருவிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்கு எழுதுகிறேன் என்று கீழே இரண்டு பேருக்கும் தெரியும், என்ன எழுதுகிறேன் என்று தெரியாது. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் உன் மனைவி ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் வைத்துவிடுகிறாள், அதில் என்னத்தைச் சொல்ல. கம்பெனி ஏஜெண்ட் ஆபீஸில் இருக்கும் பெண், நாளைக்கே கொடுத்தால் எட்டாம் தேதி உன் கையில் இருக்கும் என்று சொல்லியிருக்கிறாள்.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குத் தலை திரும்பிவிட்டது, எடை சரியாக இருக்கிறது, இதயத் துடிப்பு குதிரை ஓடுகிற மாதிரி கேட்கிறது. உன் மனைவிக்குக் கால் வீக்கம் மட்டும் இருக்கிறது, அவளுடைய செருப்பு எதுவும் நுழையவில்லை என்று என்னுடைய பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்கச் சரக் சரக் என்று நடக்கிறாள், நான் நடப்பதாக நினைத்து உன் அம்மா சமையலறையிலிருந்து அவளைத் திட்டுவது தினமும் நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் லீவு கொடுத்தும் கணக்குத் தாள்களை வீட்டுக்கு வரவழைத்து வயிற்றையே மேஜையாக்கித் திருத்துகிறாள். உள்ளே இருப்பது உதைத்தால் யாரோ ஒரு பிள்ளையின் தாளில் சிவப்புக் கோடு கோணலாகப் போகிறது, அதற்காக அந்தப் பிள்ளைக்கு அரை மார்க் கூடப் போட்டுவிடுகிறாள். டாக்டரம்மா தினமும் உதையை எண்ணச் சொல்லியிருக்கிறார், பத்து உதைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் வேலை எனக்கு. முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் ஒரு மாடி ஏற எத்தனை வினாடி என்று கையில் வாட்சோடு நின்றவன், இப்போது மருமகள் எதிரில் ஸ்டூலைப் போட்டு அதே வாட்சோடு உட்கார்ந்திருக்கிறேன். தொட்டில் முடிந்துவிட்டது. சத்தம் வரக்கூடாது என்று லிஃப்டில் போடுகிற உருளையைப் போட்டிருக்கிறேன். ஆடுகிறதா என்று உன் அம்மா பத்துத் தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, நடுவில் நிற்காமல் இருந்தால் சரி என்றாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதைத்தான் இப்போது எழுதப் போகிறேன், பதறாமல் படி, எல்லாம் நன்றாக முடிந்த கதை.

நம் கட்டடத்து லிஃப்டின் கம்பிக் கதவில் ஒரு சுவிட்ச் இருப்பது உனக்குத் தெரியும். கதவு சரியாகச் சாத்தாவிட்டால் லிஃப்ட் கிளம்பாது, ஓடும்போது கதவு விலகினால் அங்கேயே நின்றுவிடும். பழசாகி அது கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது. நிறைமாதப் பெண் ஏறி இறங்குகிற லிஃப்ட் இப்படியா இருப்பது என்று போன புதன்கிழமை நானே உட்கார்ந்து அதை இறுக்கினேன். இறுக்கினேன் என்றால் சும்மா இல்லை, கதவு ஒரு நூல் அசைந்தால்கூட நிற்கிற மாதிரி இறுக்கினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு வலி எடுத்தது. இன்னும் நாள் இருக்கிறதே என்று நாங்கள் முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் நிதானமாக வாசலில் தயாராக வைத்திருந்த பையைக் காட்டினாள். இரண்டு பேரையும் லிஃப்டில் ஏற்றிவிட்டு, உன் அம்மா அவளைச் சாய்த்து நிறுத்திக் கம்பிக் கதவைச் சாத்துவதற்குள் நம் நாலாவது மாடி வீட்டைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நான் படியில் இறங்கினேன். ஆறு பேர் ஏறுகிற லிஃப்டில் நீங்கள் ஏன் ஏறவில்லை என்று உன் அம்மா இன்றுவரை கேட்கிறாள். எடை குறைவாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நான் இரண்டாவது மாடிக்கு வரும்போது மேலே டக் என்று அந்தச் சத்தம். அது என்ன சத்தம் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. வலியில் அவள் கம்பிக் கதவைப் பிடித்திருக்கிறாள், பிடித்த கை நடுங்கியிருக்கிறது, அந்த நடுக்கத்துக்கு நான் இறுக்கிய சுவிட்ச் தன் கடமையைச் செய்துவிட்டது. மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் பெட்டி தொங்குகிறது, எனக்குத் தெரிவதெல்லாம் அதன் அடிப்பலகை மட்டும். பயப்படாதே, கையால் சுற்றி மேலே கொண்டுவருகிறேன் என்று கத்திவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். மோட்டார் அறை பூட்டியிருந்தது. அதன் சாவி வீட்டில். வீட்டுச் சாவி பையில். பை இரண்டாவது மாடிப் படியில். அறுபத்து மூன்று வயதில் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் ஏறி இறங்கி மறுபடி ஏறியதை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய், அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

நீ சின்னப் பையனாக இருக்கும்போது என் வேலையைப் பற்றிக் கேட்பாய், நான் சொன்னது நினைவிருக்கிறதோ என்னவோ. லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் ஒருவர் இறங்கினால் மேலே ஒருவர் நிற்கவேண்டும். கீழே இருப்பவர் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் இருக்கியா என்று கேட்பார், மேலே இருப்பவர் இருக்கேன் என்று சொல்லவேண்டும். அந்தப் பதில் ஒரு தடவை வராவிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடவேண்டும். எங்களுக்கு அதுதான் சட்டம். இதை ஒருநாள் சாப்பிடும்போது உன் மனைவிக்கும் சொல்லியிருந்தேன், கணக்கு டீச்சர் அல்லவா, ஒன்றையும் மறப்பதில்லை. நான் மூன்றாவது மாடிக் கதவைத் தாண்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மாமா, இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

நாலாவது மாடியில் ஒருதரம், திரும்பி இறங்கும்போது ஒருதரம், மோட்டார் அறைக்குள் போய் மெயினை அணைத்த பிறகு தரையில் கம்பிவடம் இறங்குகிற ஓட்டை வழியாக ஒருதரம் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லிக்கொண்டே இருந்தேன். பிரேக்கை ஒரு கையால் தளர்த்தி மறு கையால் சக்கரத்தைச் சுற்றினேன், இரண்டு பேர் செய்யவேண்டிய வேலை அது. உன் அம்மா உள்ளேயிருந்து இன்னும் ஒரு முழம், இன்னும் ஒரு சாண், போதும் நிறுத்துங்கள் என்று சொல்லச் சொல்ல நான் செய்தேன். கல்யாணமான நாளாக அவள் சொன்னதை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் செய்தது அன்றைக்குத்தான். அந்த நேரத்தில், ஒரு பத்துப் பன்னிரண்டு தடவை என்னை இருக்கீங்களா என்று கேட்டு முடித்த பிறகு, உன் மனைவி வேறொன்று சொன்னாள். ஓட்டை வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"அவரை வரச் சொல்லுங்க மாமா. எனக்கு அவர் வேணும்."

மூன்றாவது மாடியில் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். அவளுக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது, அவளுடைய கை உன் அம்மாவின் கையைவிட்டு வரவில்லை. மறுபடி லிஃப்டா, வேண்டாம் மாமா என்று படியிலேயே நின்று நின்று இறங்கினாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் வலி பாதி அடங்கிவிட்டது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, இது பொய்வலி, உங்கள் பேரப்பிள்ளை ஒத்திகை பார்க்கிறது, இன்னும் நாள் இருக்கிறது, வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கச் சொல்லுங்கள் என்றார். திரும்பி வந்ததும் அவளைக் கீழே வாட்ச்மேன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அந்தச் சுவிட்சைப் பழையபடி தளர்த்தினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இனிமேல் எனக்காக எதையும் ரிப்பேர் செய்யாதீர்கள் மாமா என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, லிஃப்டுக்குள் நான் சொன்னதை அவரிடம் சொல்லக்கூடாது, பயத்தில் வாயில் வந்தது, அவருக்கு இந்தப் பயணத்தை முடித்தால்தானே பெரிய எஞ்சினியர் பதவி, சத்தியம் செய்யுங்கள் என்றாள். உன் அம்மா உடனே செய்துவிட்டாள். நான் அப்போது கருவிப் பெட்டிக்குள் தலையை விட்டு ஸ்க்ரூடிரைவர் தேடிக்கொண்டிருந்தேன், அதனால் அந்தச் சத்தியத்தில் நான் சேரவில்லை. ஸ்க்ரூடிரைவர் என் சட்டைப்பையில் இருந்தது என்பது வேறு விஷயம்.

பன்னிரண்டாம் தேதிக்குள் சொன்னால் உன் இடத்துக்கு மாற்று ஆள் வருவார், அடுத்து வரும் துறைமுகத்தை விட்டுவிட்டால் இரண்டு மாதம் யாரும் இறங்கமுடியாது என்று கேப்டன் சொன்னதாக நீதான் சொன்னாய். வரட்டுமா என்று நீ கேட்டதற்கு அவள் ஸ்பீக்கரில், எதற்கு, இங்கே அத்தை மாமா இருக்கிறார்கள், நீங்கள் வந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று குரல் மாறாமல் சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்தேன், உண்மைதானே என்று நினைத்தேன். இப்போது உனக்கு ஒன்று சொல்கிறேன், இதுவரை சொன்னதில்லை. நீ பிறந்த அன்று நான் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தின் குழிக்குள் இருந்தேன். மேலே நின்றது என் கூட்டாளி நெட்டையன். உன் அம்மா அவனுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறாள், வேலை முடியட்டும், அப்புறம் சொன்னால் போதும் என்று. அவனும் அப்படியே செய்தான். நான் போய்ச் சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றித் தூங்க வைத்திருந்தார்கள். உன் அம்மா என்னைப் பார்த்து, வந்துட்டீங்களா, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். முப்பத்தொரு வருடமாகக் குடையைத் தொலைத்ததற்கு, கதவைத் திறந்துபோட்டதற்கு, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு என்று அவள் என்னைத் திட்டாத விஷயம் இல்லை. இது ஒன்றுக்கு மட்டும் அவள் ஒருநாளும் திட்டியதில்லை. அதிலிருந்தே நீ தெரிந்துகொள்.

உன்னை வா என்று நான் உத்தரவு போடவில்லை. பதவிக்காக நீ எவ்வளவு உழைத்தாய் என்பது எனக்குத் தெரியும், வராவிட்டாலும் இங்கே ஒரு குறையும் வராது, நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஆனால் அவள் போனில் சொன்னதை வைத்து முடிவு செய்யாதே, லிஃப்டில் சொன்னதை வைத்து முடிவு செய். இன்னொன்றும் கவனித்தேன். உன் கப்பலிலிருந்து பேசும்போது லைன் அடிக்கடி விட்டுவிட்டு வருமே, அப்போதெல்லாம் இவள் இருக்கீங்களா, இருக்கீங்களா என்று கேட்பாள். லைன் சரியாக இருக்கும்போதும் கேட்கிறாள், நீதான் அது லைனுக்குக் கேட்பது என்று நினைத்து, கேட்குது சொல்லு என்கிறாய். அவள் கேட்பது அதையில்லையப்பா.

நீயும் உன் பிள்ளையும் நேரத்தோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம், வேறு பெரிதாக எதுவும் சொல்லத் தோன்றவில்லை. உன் அம்மாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்துக்கொள், அவளைக் கேட்காமலே எழுதுகிறேன். எஞ்சின் அறையில் காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள். வருவதாக இருந்தால் லிஃப்டிலேயே ஏறி வா, இப்போது சரியாக ஓடுகிறது, கதவை மட்டும் டக் என்று சத்தம் வரும்வரை இழுத்துச் சாத்து. அவள் வாசலில் நின்று, உங்களை யார் வரச் சொன்னது என்று கோபமாகத்தான் கேட்பாள். அப்பா எழுதினார் என்று சொல்லாதே, வேறு விளக்கமும் கொடுக்காதே. இருக்கேன் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
அதுவரை மேலே நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும்
உன் அப்பா