வருமானச் சான்றிதழோடு போன உறை

இன்று மதியம் டிபார்ட்மெண்ட் ஆபீசில் ஒரு பெண் என் டைப்ரைட்டர் மேல் கனத்த உறை ஒன்றை வைத்தாள். அமெரிக்கப் பல்கலைக்கழக விண்ணப்பம். பிரித்ததும் அந்த வழவழத் தாளின் வாசனை வந்தது. எட்டு வருஷமாகியும் மூக்கு அதை மறக்கவில்லை. மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். 'உங்கள் குடும்பத்தால் ஆண்டுக்கு எவ்வளவு செலுத்த முடியும்?' ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை, பாவிகள். எனக்கு வந்த கோபத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பேன். நீதான் போன ஐப்பசியில் மஞ்சள் காமாலை என்று படுத்து, பத்தே நாளில் போய்விட்டாயே. அதனால் எழுதித் தீர்க்கிறேன்.

எழுபத்தொன்பதில் நாம் இதே நாகமலைப் புதுக்கோட்டை வளாகத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம். நீ வகுப்பில் முதல். நான் எங்கேயோ நடுவில். உன் அப்பா செல்லூரில் அடுத்தவர் பவர்லூமில் கூலிக்குத் தறி ஓட்டினார். அந்தச் சத்தத்தில் நீ எப்படித்தான் கணக்குப் போட்டாயோ! எனக்கு டைப்பிங் தெரியும் என்பதால் உன் விண்ணப்பம் என் தலையில் விழுந்தது. நீ சொல்லச் சொல்ல எங்கள் வீட்டில் உட்கார்ந்து தட்டினேன். கடைசித் தாளை உருவும்போது நீ பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாய். தாசில்தார் கொடுத்த வருமானச் சான்றிதழ். நாலு நடை நடந்து வாங்கியிருந்தாய். பச்சை மையில் கையெழுத்து, சீல் எல்லாம் பக்காவாக இருந்தது.

"இத எவன்டி கேட்டான்?" என்றேன்.

"கேக்காட்டி என்ன? பள்ளிக்கூடத்துல இருந்து இம்புட்டு வருசமா என்னையப் படிக்க வச்சது இந்தத் தாளுதான். ஃபீஸ் சலுகை, ஹாஸ்டல், ஸ்காலர்ஷிப் எல்லாம் இதக் காட்டித்தான் வாங்குனேன். இல்லாத வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சா அவனும் பாத்துச் செய்வான்ல?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர்கள் அனுப்பிய சிறு புத்தகத்தை உன் மூக்குக்கு நேரே நீட்டினேன். சொந்த நாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது பணத்தைப் பார்ப்பதில்லையாம். வெளிநாட்டு மாணவர் என்றால் செலவை ஏற்கும் வசதியும் சேர்த்துப் பார்க்கப்படுமாம். பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"இங்க இல்லைன்னா ஃபீஸைக் குறைப்பான். அங்க இல்லைன்னா ஆளையே குறைச்சிருவான்டி. கப்பலூர் மாமாகிட்ட செலவை ஏத்துக்கிறேன்னு ஒரு கையெழுத்து வாங்கி வை, இத எடுத்துரு" என்றேன்.

"இல்லாதத இல்லைன்னு சொல்ல எனக்கென்ன வெக்கம்?" என்று நீ தாடையைத் தூக்கினாய். அந்தத் தாடையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு மாலை தபாலாபீஸ் வாசல் வரை சண்டை. அந்தத் தாளோடுதான் உறை போனது.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. உன் மதிப்பெண் பிரமாதம், துறை உன்னை எடுக்க விரும்புகிறது, ஆனால் வெளிநாட்டு மாணவருக்கு உதவி செய்ய நிதி இல்லை, முதல் வருஷச் செலவுக்கு வழி காட்டினால் இடம் உண்டு. மறுநாளே உன் மாமா கிரீஸ் சட்டையோடு கப்பலூரிலிருந்து வந்து நின்றார். சின்ன லேத் பட்டறைதான் அவருக்கு.

"பட்டறையையும் வீட்டையும் அடமானம் வைக்கிறேன் பாப்பா. அம்புட்டும் நான் தாரேன். நீ போயிட்டு வா" என்றார்.

கூட வந்த உன் அத்தையும் சரி என்று தலையாட்டினார். பேங்க் மேனேஜர் கடிதம் கொடுத்தார், அதோடு வைக்கும் கடிதத்தை நான் தட்டினேன், அனுப்பினோம்.

திரும்பி வந்தது மூன்றே வரி. முன்பு அனுப்பிய சான்றிதழுக்கும் இந்தக் கடிதத்துக்கும் பொருத்தம் இல்லையாம். ஏற்க முடியாதாம். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. உன் அப்பாவிடம் ஒன்றும் இல்லை என்பது உண்மை. உன் மாமா வீட்டை வைக்கத் துணிந்ததும் உண்மை. ஒரே குடும்பத்தில் இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும் என்று அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. நீயோ சிரித்தாய். "விடுடி. அவனுக்கு எங்க மாமாவப் பத்தித் தெரியாது" என்றாய். அதோடு ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கப் போய்விட்டாய். ஒரு நாளாவது அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏன் ஆறுதல் என்று உனக்குத் தெரியும். இதுவரை நாம் பேசாத விஷயம் அது. அன்று தபாலாபீஸ் வாசலில் நீ சட்டென்று பிடிவாதத்திலிருந்து இறங்கி வந்தாய். "சரி, நீதான் சொல்றேல்ல. ஒன் இஷ்டம், வேணும்னா எடுத்துரு" என்று ஒட்டாத உறையை என் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாய். எடுத்திருக்கலாம். ஒரு நொடி வேலை. அவ்வளவு நேரம் என்னைக் கத்தவிட்டதில் எனக்கு வீம்பு. பட்டால்தான் இவளுக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். கவுண்டரில் இருந்த பசையை எடுத்து, நான்தான் ஒட்டினேன். நான் எடுத்தேனா இல்லையா என்று நீ அப்போது கேட்கவில்லை. மூன்று வரிக் கடிதம் வந்த பிறகும் கேட்கவில்லை. உன் மேல் எனக்குள்ள பெரிய கோபமே அதுதான். கேட்டிருக்க வேண்டாமா?

இன்று வந்தவளும் பையில் தாசில்தார் தாளை மடித்து வைத்திருந்தாள். "ஒண்ணும் இல்லைன்னு போட்டா சீட்டு போயிருமாக்கா?" என்றாள். போய்விடலாம் என்றேன். பெயர் சொல்லாமல் உன் கதையைச் சொன்னேன். அப்பாவால் முடியாது, அண்ணன் நிலத்தை வைத்துப் பணம் தருகிறார் என்று இரண்டையும் ஒரே தாளில், காரணத்தோடு தட்டிக் கொடுத்தேன். இதையாவது நம்புவார்களா, தெரியாது.

அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "நீங்களே பாத்து ஒட்டி அனுப்பிருங்கக்கா, எது வைக்கணும் எது வேணாம்னு ஒங்க இஷ்டம்" என்று உறையை நீட்டினாள்.

நான் கையை நீட்டவில்லை. அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று அவளை உட்காரவைத்தேன். ஒவ்வொரு தாளாக அவளையே உள்ளே வைக்கச் சொன்னேன். பிறகு பசைப் புட்டியை அவள் பக்கம் தள்ளினேன்.