வடக்குப் பக்கத்து நீலக் கோடு

ஐபிசா தீவு,
மார்ச் 3.

அன்புள்ள அப்பாவுக்கு,

ஃபுவென்சாந்தா எழுதுகிறேன். நான் நலம். உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? போனில் நாம் இருவருமே "சாப்டியா", "குளிருதா" என்பதோடு நின்றுவிடுகிறோம். அதனால்தான் கடிதம். நீங்களே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும் என்று பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள்.

கோடையில் பொறியில் பிடித்து உறையவைத்த பாம்புகளின் வயிற்றை இப்போது எங்கள் ஆய்வுக் கூடத்தில் திறந்து பார்க்கிறோம். குடும்பத்தின் ஒரே பட்டதாரி பாம்புக் குடலைக் கிளறுகிறாள் என்று மாமா சிரிப்பார். சிரிக்கட்டும். கடலுக்கு அந்தப் பக்கம் நம் ஊர் பிரியேகோவின் ஒலிவத் தோப்பில் எலியும் குருவியும் தின்னும் அதே லாடப் பாம்புதான் இது, விஷமில்லாதது. ஆனால் இங்கே பாதிக்கு மேற்பட்ட வயிறுகளில் பல்லிதான் இருக்கிறது. இந்தத் தீவுகளுக்கே உரிய பச்சைப் பல்லி. பாம்பைக் கண்டு ஓட அதற்குத் தெரியவில்லை. வெயில் காய்ந்தபடி அப்படியே இருக்கிறது. தின்று தின்று பாம்புகள் நம் ஊரில் இருப்பதைவிட நீளமாகிவிட்டன.

எனக்கு அறை கொடுத்திருக்கும் எவுலாரியா அம்மாள் மதியம் சாப்பிடும்போது தக்காளித் துண்டு ஒன்றைச் சுவரோரம் வைக்கிறார். முன்பெல்லாம் பல்லிகள் மேசை மேலேயே ஏறி வருமாம். இப்போது தக்காளி அங்கேயே காய்கிறது. "பாம்பே இல்லாத ஊருடி இது. எங்க மண்ண மிதிச்சாலே பாம்பு செத்துரும்னு சொல்லி வளர்த்தாங்க. மொதப் பாம்பப் பாத்தப்ப எம் புருஷன் தோட்டத்துக் குழாய்னு நெனச்சு சுருட்டப் போனாரு!" என்று சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, "உங்க ஊர்க்காரங்க ஒலிவ மரத்த வித்தாங்க, அதோட பொந்துல பாம்ப இனாமாக் குடுத்தாங்க. உங்கப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டார். விவசாயம் என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் சரிவில் உள்ள புதிய மாளிகையின் தோட்டத்தில் பொறி வைக்கப் போனோம். அழகுக்காக நம் பக்கத்திலிருந்து வேரோடு தோண்டிக் கப்பலில் கொண்டுவந்த ஏழு கிழட்டு ஒலிவ மரங்கள் நின்றன. நடும்போது திசை மாறக் கூடாது என்று தோண்டுகிறவர்கள் எல்லாரும்தான் வடக்குப் பக்கத்தில் கோடு போடுவார்கள். நீலக் கோட்டுக்குக் கீழே எனக்கொன்று, தம்பிக்கொன்று என்று இரண்டு புள்ளி வைப்பது நீங்கள் மட்டும்தான் அப்பா. ஒரு மரத்தில் அது இருந்தது. அதன் பொந்தில் கோணித் துணியும் காய்ந்த மண்ணும் பாதி பெயர்ந்து கிடந்தன. இழுத்துப் பார்த்தேன். உள்ளே பாம்புச் சட்டை.

அந்த மரத்தைத் தோண்டி ஏற்றிய சனவரியில் நீங்கள் சாப்பாட்டு மேசையில் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "பொந்துக்குள்ள ஒரு ஆளு சொகமாத் தூங்கிட்டிருந்தாரு. வெட்ட மனசு வருமா? கோணிய அடைச்சு மண்ணப் பூசி லாரில ஏத்திட்டேன். போற எடத்துல எலி புடிச்சுப் பொழச்சுக்கட்டும்." எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

உங்கள் ஒரு மரத்தால் வந்ததல்ல என்று எனக்குத் தெரியும். ஆயிரக்கணக்கில் மரங்கள் வந்திருக்கின்றன. ஆனால் பாம்புகள் இப்போது நீந்தவும் தொடங்கிவிட்டன. எதிரே உள்ள பாறைத் தீவில் இரண்டு வருடத்துக்கு முன் காலடி வைக்க இடமில்லாமல் பல்லிகள் ஓடுமாம். இந்த முறை நாள் முழுக்க நடந்து நான்கைத்தான் பார்த்தேன்.

வெளியூர் மரங்களைத் தீவில் எந்த மாதத்தில் இறக்கலாம் என்று இங்குள்ள அரசில் விதி எழுதப்போகிறார்கள். அதற்குச் சான்று வேண்டும். எந்த ஊர் மரம், எப்போது ஏற்றியது, பொந்தை எப்படி மூடினார்கள் என்று. எங்கள் ஆய்வுக் குழுத் தலைவி நெவ்ஸ், "தெரியலன்னா தெரியலன்னு எழுது. யாரும் உன்னத் தோண்டிக் கேக்கப் போறதில்ல" என்றார். எனக்குத்தான் தெரியுமே. எல்லாம் எழுதினேன். மூடியவர் என் அப்பா என்றும் எழுதினேன். இன்று காலை அதை அனுப்பிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். முதலில் உங்களைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். நானும் உங்கள் பேச்சைக் கேட்டு எழுதாமல் விட்டிருப்பேன்.

மரம் விற்கும் உங்கள் முதலாளிக்கு விசாரணைக் கடிதம் வரும். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டே வருடம் இருக்கிறது என்பதும், அவர் எப்படிப்பட்டவர் என்பதும் தெரிந்தேதான் எழுதினேன். உங்களைக் கேட்டால், பாம்பைப் பாவம் பார்த்தேன் என்று உண்மையைச் சொல்லுங்கள். அது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை. இனிமேல் பொந்துள்ள மரத்தைக் குளிரில் ஏற்றாதீர்கள். வெயில் ஏறினால் உள்ளே தூங்கும் பாம்பு தானே வெளியே வந்து நம் எலிகளைப் பார்த்துக்கொள்ளும்.

இடுப்புக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், அம்மாவைத் தேய்க்கச் சொல்லுங்கள். இதுவரை வீட்டுக்கு வரும்போதெல்லாம் வருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். இந்த முறை கேட்கிறேன் அப்பா: ஈஸ்டருக்கு நான் வரலாமா?

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும் மகள்,
ஃபுவென்சாந்தா